சீனியை எரிக்கும் பி விற்றமின்கள்: டச்பே கடற்கரையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு திருகோணமலை டச்பே கடற்கரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடப்பது வழக்கம். பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். மற்றவர்களுக்கு அது வந்துவிடுமோ என்ற பயம். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற ஆள் என்பதால் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். கொஞ்ச நாளாக அதிகம் வருவது பி விற்றமின் பற்றிய கேள்விகள். குளிசை போட்டால் சீனி இறங்குமா, நடக்கிறவர்களுக்குக் கூடுதலாகத் தேவையா, கால் விறைப்புக்கு ஊசி போடலாமா என்று. நடந்துகொண்டே அரைகுறையாகச் சொன்ன பதில்களை ஆறுதலாக இருந்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டொக்டரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

ரீச்சர், பி விற்றமின் குளிசை போட்டால் சீனி குறையுமா?

குறையாது. பாமசியில் காசு கொடுக்க முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பி விற்றமின்கள் மொத்தம் எட்டு: பி1, பி2, பி3, பி5, பி6, பி7, பி9, பி12. இவற்றில் ஒன்றுகூட உடம்புக்கு எரிபொருள் இல்லை, ஒன்றுகூட இன்சுலின் மாதிரி வேலை செய்வதும் இல்லை. சாப்பாட்டில் வரும் மாச்சத்தை உடைத்து எரிக்கும் நொதியங்களுக்கு இவற்றில் பல கைக்கருவி. தம்பலகாமத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நெல் விளைந்து நிற்கிறது, அறுக்க ஆளும் நிற்கிறது. தாக்கத்தி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். பத்துப் பேர் நிற்கிற வயலுக்கு நூறு தாக்கத்தி கொண்டுவந்து இறக்கினாலோ அறுவடை ஒரு நிமிடம்கூட முந்தாது. பி விற்றமின் குறைந்தால் சீனி எரிவது கெடுகிறது. போதுமான அளவு இருக்கும்போது மேலும் விழுங்குவதால் கூட எரிவதில்லை. கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

நான் நாள் முழுக்கக் கதிரையில்தான் இருக்கிறேன். அப்போது உடம்பு சீனியை என்ன செய்கிறது?

நீங்கள் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண் அயர்ந்திருக்கும்போதும் அது குளுக்கோஸை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் வேண்டும். ஆனால் சுகமான ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் கரைந்திருப்பது ஒரு தேக்கரண்டி அளவு, 5 கிராம் போல. எடுக்க எடுக்க ஈரல் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. விடியப்புறம் வெறும் வயிற்றில் 60 கிலோ நிறையுள்ள ஒருவரின் ஈரல் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7 கிராம் குளுக்கோஸை இரத்தத்துக்குள் விடுகிறது.

ஓய்வில் இருக்கும் தசை இந்தக் குளுக்கோஸை அவ்வளவாகத் தொடாது. அது கொழுப்பை எரித்துக்கொண்டு கிடக்கும். சாப்பிட்ட பிறகு இன்சுலின் வந்து சொன்னால்தான் குளுக்கோஸை உள்ளே எடுத்து, கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்தாக அடுக்கி வைக்கும்.

தங்கச்சி, இரவு சாப்பிட்டது ஏழு மணிக்கு. காலையில் ஒன்றும் சாப்பிடாமலே சீனி கூடக் காட்டுகிறதே, எங்கேயிருந்து வருகிறது?

ஈரலிலிருந்துதான் ஐயா. இரவில் அது முதலில் தன்னிடமுள்ள கிளைக்கோஜனை உடைக்கும். அது குறையக் குறையப் புதிதாகவே குளுக்கோஸ் செய்யும். லக்டிக் அமிலத்திலிருந்தும் புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்தும் செய்யும். இந்தத் தயாரிப்பின் முதல் படியில் இருக்கும் நொதியத்துக்கு பி7, அதாவது பயோட்டின் தேவை. அமினோ அமிலத்தைப் பிரித்து அந்தப் பாதைக்குள் தள்ள பி6 தேவை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஈரல் "போதும்" என்ற இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. தேவைக்கு மேல் செய்து விட்டுக்கொண்டிருக்கும். சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் குளிசை முக்கியமாக இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஈரலைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது.

நடக்கத் தொடங்கியவுடன் என்ன மாறுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பிரெட்றிக் கோட்டை வாசலில் நின்று மான்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். பிறகு கோணேசர் கோயிலுக்கு ஏறத் தொடங்குகிறீர்கள். முதல் சில அடியிலேயே கால் தசை தன் சொந்தச் சேமிப்பான கிளைக்கோஜனில் கை வைக்கிறது. அதை உடைக்கும் நொதியம் பி6 இல்லாமல் வேலை செய்யாது. நம் உடம்பில் இருக்கும் பி6-இல் பெரும்பகுதி, முக்கால் பங்கு போல, தசைக்குள் இந்த ஒரு நொதியத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பி6 என்றால் நரம்பு என்றுதான் எல்லோருக்கும் பழக்கம்.

அடுத்ததாக, சுருங்கி விரியும் தசை குளுக்கோஸ் வாசல்களைத் தானாகவே திறந்துகொள்கிறது. அதற்கு இன்சுலின் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலினுக்கு மசியாத தசையும் நடக்கும்போது மசிகிறது. வேகமாக வேலை செய்யும் கால் இரத்தத்திலிருந்து எடுக்கும் குளுக்கோஸ் ஓய்வில் எடுத்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கூடலாம். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினின் பேச்சுக்குத் தசை கூடுதலாகக் காது கொடுக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணித்தியாலம் நடந்தாலே சீனி ஏறும் உயரம் குறைவது இதனால்தான். நான் இதைக் குளிசைகள் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

உள்ளே வந்த குளுக்கோஸைப் பாதியாக உடைக்கும்போது பி3 வேண்டும். அதிலிருந்து வரும் என்ஏடி என்ற சிறு மூலக்கூறு குளுக்கோஸிலிருந்து இலத்திரன்களை வாங்கிச் சுமந்துபோய் வேறு இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. சுமையோடு எல்லாம் தேங்கி நின்றால் குளுக்கோஸ் உடைவதும் நின்றுவிடும். ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடும்போது இறக்குகிற வேகம் போதாமல் போகிறது. அப்போது தசை அந்தச் சுமையை, குளுக்கோஸ் பாதியாக உடைந்து வரும் பைருவேற்றின் மேல் போட்டு லக்டிக் அமிலமாக்கி என்ஏடியை விடுவிக்கிறது. லக்டிக் அமிலம் கழிவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இதயம் அதை எரிக்கிறது. ஈரல் அதை எடுத்து, முன் சொன்ன பயோட்டின் நொதியத்தின் உதவியோடு, மறுபடி குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. இந்தச் சுற்றைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி 1947-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். பரிசு கிளைக்கோஜன் ஆய்வுகளுக்காகக் கிடைத்தது. அடுத்த நாள் கால் நோவதும் லக்டிக் அமிலத்தால் அல்ல. அது ஒரு மணித்தியாலம் போல ஆகும்போதே போய்விடும்.

பி1-ஐப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

குளுக்கோஸ் பாதியாக உடைந்தால் பைருவேற்று. அது உயிரணுவின் சக்தி அறையான இழைமணிக்குள் போனால்தான் முழுதாக எரிந்து நிறையச் சக்தி தரும். உள்ளே போகும் வாசலில் ஒரு பெரிய நொதியக் கூட்டம் நிற்கிறது. இந்த ஒரு வாசலுக்கு நான்கு பி விற்றமின்கள் வேண்டும்: பி1, பி2, பி3, பி5. முதலில் பைருவேற்றைப் பிடித்து உடைப்பது பி1. ஓய்வில் இந்த வாசல் பெரும்பாலும் சாத்தியே கிடக்கும். நடக்கத் தொடங்கியதும் திறக்கும். சக்திக்காக அதற்குப் பிறகு வரும் சுழற்சியிலும் இன்னொரு படிக்கு பி1 தேவை.

பி1 இல்லாவிட்டால் பைருவேற்று வாசலிலேயே தேங்கும். கதிரையில் இருக்கும்போதே, ஓடிக் களைத்த ஆள் போல, உடம்பில் லக்டிக் அமிலம் சேரும். 1930-களில் ஒக்ஸ்போட்டில் ருடோல்ப் பீற்றர்ஸ் இதைப் புறாக்களில் காட்டினார். பி1 இல்லாத தீனி தின்று கழுத்து பின்னால் வளைந்துபோன புறாக்களின் மூளையில் குளுக்கோஸ் எரிப்பு இந்த இடத்தில் அடைபட்டுக் கிடந்தது. சோதனைக் குழாயில் அந்த மூளைத் திசுவுக்குக் கொஞ்சம் பி1 சேர்த்ததும் மறுபடி எரிந்தது.

இன்னொரு விஷயம். பி1 உடம்பில் அதிகம் சேர்ந்திருக்காது. மொத்தம் 30 மில்லிகிராம் போல, அதுவும் பாதி தசைகளில். வருவது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தட்டுப்பாடு தொடங்கிவிடும். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 1.2 மில்லிகிராம், பெண்களுக்கு 1.1 மில்லிகிராம் போதும். சீனியும் மாவும் அதிகம் சாப்பிட்டால் எரிக்க வேண்டியது கூடும், ஆகவே தேவையும் கூடும். வெள்ளைச் சீனியிலோ பி1 துளிகூட இல்லை. நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, தாக்கத்தி கொண்டுவராமல் நெல்லை மட்டும் கொண்டுவந்து குவிப்பது போல.

சீனி வருத்தக்காரருக்கு பி1 குறையுமா?

குறையலாம். சீனி கூடியிருக்கும்போது சிறுநீரகம் பி1-ஐக் கூடுதலாக வெளியேற்றிவிடுகிறது. 2007-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, சீனி வருத்தக்காரரின் இரத்தத் தெளிவில் பி1 மற்றவர்களைவிட முக்கால் பங்கு குறைவாக இருந்ததைக் காட்டியது. கால் வீக்கத்துக்கும் இதய வருத்தத்துக்கும் புரூசமைட் போன்ற நீர் இறக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இழப்பு கூடும். இரண்டும் சேர்ந்தவர்கள் டொக்டரிடம் கேட்பது நல்லது. ஆனால் பி1-ஐக் கூட்டிக் கொடுத்த ஆய்வுகளில் இரத்தச் சீனியின் அளவு குறிப்பிடும்படி இறங்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

பெரிபெரி என்று ஒரு வருத்தம் படித்தோமே, அது இதுதானா?

இதேதான். சிங்களத்தில் "பெரி" என்றால் முடியாது. நம் ஊரில் எல்லோருக்கும் காதில் விழுந்த சொல். அந்தச் சொல்லிலிருந்தே வருத்தத்துக்குப் பெயர் வந்தது என்று பல அகராதிகள் சொல்கின்றன. கால் விளங்காமல், மூச்சு விட முடியாமல், இதயம் வீங்கி மனிதர் போய்விடுவார்கள்.

துறைமுகத்தோடு வாழும் நமக்கு ஒரு கப்பல் கதை. 1880-களில் ஜப்பானியக் கடற்படையில் இந்த வருத்தம் பரவிக் கிடந்தது. ரியூஜோ என்ற கப்பலின் ஒரு நீண்ட பயணத்தில் 169 பேருக்கு வந்தது, 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1884-இல் ட்சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்பினார். தீட்டிய வெள்ளை அரிசியைக் குறைத்து இறைச்சி, பார்லி, பயறுவகை கொடுத்தார். ஒருவரும் சாகவில்லை. புரதம் குறைந்ததுதான் காரணம் என்று அவர் நினைத்தார். அது பிழை, ஆனால் உயிர்கள் தப்பின. பிறகு ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு அதே மாதிரிக் கால் விளங்காமல் போவதையும் தவிடு கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். அவருக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கடைசியில் பி1-ஐ 1936-இல் செயற்கையாகச் செய்து காட்டிய ரொபேட் வில்லியம்ஸ் பிறந்தது நெல்லூரில்.

நாங்கள் சாப்பிடுகிற சோற்றில் பி1 இருக்கிறதா?

எந்த அரிசி என்பதைப் பொறுத்தது. தவிடு நீக்காத அரிசி 100 கிராமில் 0.4 மில்லிகிராம் போல இருக்கும். தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் 0.07 தான். புழுங்கல் அரிசி இடையில் நிற்கும், 0.2 அல்லது அதற்கு மேல். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். நம் ஆச்சிமார் நெல் அவித்ததற்கு விற்றமின் காரணம் இல்லை, அரிசி நொறுங்காமல் வர வேண்டும் என்பதுதான். ஆனாலும் அந்தப் பழக்கம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

பி1 தண்ணீரில் கரையும். அரிசியை நாலு தரம் பிசைந்து கழுவி, வேகவைத்த கஞ்சியை வடித்து ஊற்றினால் ஒரு பங்கு போய்விடும். நான் இப்போது இரண்டு தரம் மெதுவாக அலசுகிறேன். வடித்தால் அந்தக் கஞ்சியைக் குடிக்கிறோம்.

பாணும் வெள்ளை மா இடியப்பமும் நம் ஊரில் கூடிவிட்டது. சீனன்குடாவில் மா ஆலையே இருக்கிறது, மா எப்போதும் கிடைக்கிறது. கோதுமையில் தவிட்டையும் முளையையும் நீக்கும்போது பி1-இன் பெரும்பகுதி அதோடு போகிறது. மூன்று நேரமும் மா சாப்பிடுகிற வீட்டில் பயறு, கௌபி, கடலை, உளுந்து, எள்ளு, நிலக்கடலை ஏதாவது ஒன்று தினமும் வரட்டும். காலையில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் போதும். மாவையே சிவப்பரிசி மா, குரக்கன் மா என்று மாற்றினால் இன்னும் நல்லது.

மற்ற பி விற்றமின்களுக்கு என்ன சாப்பிடலாம்?

பி2-க்குப் பால், தயிர், முட்டை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சட்டித் தயிர் கைக்குக் கிட்டவே இருக்கிறது. பி2 வெளிச்சத்தில் அழியும், ஆகவே பால் போத்தலை வெயிலில் வைக்க வேண்டாம். பி3-க்கும் பி6-க்கும் மீன், கோழி, நிலக்கடலை. வாழைப்பழத்திலும் உருளைக்கிழங்கிலும் பி6 உண்டு. பி5 ஏறக்குறைய எல்லாச் சாப்பாட்டிலும் இருக்கிறது, யோசிக்கத் தேவையில்லை. பி9 கீரையிலும் பருப்பிலும். முருங்கை இலையை நீண்ட நேரம் அவிக்காமல் சுண்டி இறக்குங்கள்.

பிளேன்ரீயும் வெற்றிலையும் பி1-ஐக் கெடுக்கும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. தேயிலையிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் பி1-ஐ மாற்றிப் பயனில்லாமல் செய்துவிடும். சாப்பாட்டோடு சேர்த்தே தேத்தண்ணியும் வெற்றிலையும் எடுக்கும் வழக்கம் உள்ளவர்களிடம் பி1 குறைவதைத் தாய்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். பச்சை மீனிலும் சில சிப்பி வகைகளிலும் பி1-ஐ உடைக்கும் நொதியம் உண்டு. நாம் சமைத்துச் சாப்பிடுவதால் அது அழிந்துவிடும். தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். வெற்றிலை பாக்கை வாய்ப் புற்றுநோய்க்காகவே விட்டுவிடச் சொல்வேன்.

நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள் கூடுதலாகக் குளிசை எடுக்க வேண்டுமா?

ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தேவையில்லை. பி1-இன் தேவை எரிக்கும் சக்தியோடு சேர்ந்து கூடுகிறது, 1000 கலோரிக்கு அரை மில்லிகிராம் என்று கணக்குப் போடலாம். கூட ஓடுகிறவர் கூடச் சாப்பிடுவார். அந்தச் சாப்பாடு சோடாவும் பணிசுமாக இல்லாமல் சோறு, பயறு, மீனாக இருந்தால் விற்றமினும் கூடவே வந்துவிடும்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுகமான ஆண்களுக்குச் சில வாரங்கள் பி1, பி2, பி6 குறைந்த சாப்பாடு கொடுத்தார்கள். அவர்களின் உச்ச ஒட்சிசன் பயன்பாடு ஏறக்குறைய 10 சதவீதம் விழுந்தது. குறைந்த வேகத்திலேயே லக்டிக் அமிலம் சேரத் தொடங்கியது. வெளியே வருத்தம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஏற்றம் ஏற முடியவில்லை. மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்துகொண்டே தினமும் இரண்டு மணித்தியாலம் ஓடும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மெட்போமின் எடுப்பவர்களுக்கு பி12 குறையும் என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இதுதான்.

என் அம்மா 11 வருடமாக மெட்போமின் எடுத்தவர். பாதம் விறைக்கத் தொடங்கியது. செருப்பு கழன்றதே தெரியாமல் முற்றத்தில் நடந்து போவார். நாக்கு எரிகிறது என்று மீன் குழம்பைத் தள்ளி வைப்பார். கிளினிக்கில் சொன்னபோது, "சீனி வருத்தத்தில் வருவதுதான்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிட்டது. நாங்களும் நம்பினோம். உயிரியல் படிப்பிக்கிற நானும் நம்பினேன். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு டொக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு பி12 பார்க்கச் சொன்னார். மிகவும் குறைவாக இருந்தது. ஊசி தொடங்கிச் சில வாரத்தில் நாக்கு எரிவு போய்விட்டது. கால் விறைப்பு பாதிதான் குறைந்தது. நரம்பு நாட்பட்டுக் கெட்டால் முழுதாகத் திரும்புவதில்லை.

மெட்போமின் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. ஈரலில் பி12 சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேர்ந்திருப்பதால் உடனே தெரியாது. நான்கைந்து வருடம் கழித்து மெல்லத் தலை காட்டும். கால் விறைப்பு சீனி வருத்தத்தாலும் வரும், பி12 குறைவாலும் வரும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரும். ஆகவே நீண்ட காலம் மெட்போமின் எடுப்பவர்கள் பி12 பரிசோதனையைத் தாங்களே கேளுங்கள். விறைப்பு, நாக்கு எரிவு, தள்ளாட்டம், ஞாபக மறதி இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். இதற்காக மெட்போமினை நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. பி12-ஐ ஊசியாகவோ குளிசையாகவோ நிரப்பிக்கொள்ளலாம்.

நாங்கள் சைவம். பி12 எங்கே கிடைக்கும்?

தயிர், பால் போன்ற பால் பொருள்களில் ஓரளவு. நெய்யில் இல்லை. மரக்கறியில், கீரையில் இல்லை. ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், ஆனால் சைவத்தோடு மெட்போமினும் சேர்ந்தால் பரிசோதிக்காமல் இருக்கவே கூடாது. மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சூடை, சாளை, மட்டி எல்லாம் நிறையத் தரும். விலை குறைந்த மீன்தான் இதில் முன்னுக்கு நிற்கிறது.

பி12 பார்க்காமல் போலிக் அமிலம், அதாவது பி9, மட்டும் பெரிய அளவில் எடுப்பதும் ஆபத்து. இரத்தச்சோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

பி12 குறைந்தால் மூன்று மாதச் சீனிப் பரிசோதனை பிழையாக வருமா?

வரலாம். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய குளுக்கோஸின் அளவு. பி12, போலேற்று (பி9), இரும்பு குறைந்த சோகையில் பழைய சிவப்பணுக்கள் அதிகம் இருப்பதால் கணக்கு உண்மையைவிடக் கூடக் காட்டும். சிகிச்சை தொடங்கியதும் புது அணுக்கள் வந்து திடீரென்று இறங்கும். சீனி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட முன் விரல் குத்திப் பார்க்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

நரம்புக் குளிசை எவ்வளவு எடுத்தாலும் சிறுநீரில் போய்விடும்தானே?

எல்லாம் அப்படிப் போவதில்லை. பி6 நாட்பட்டு அதிகமானால் நரம்பையே கெடுக்கும், கால் விறைக்கும். எந்த விறைப்புக்காக எடுத்தாரோ அதே விறைப்பு. அது கூடுகிறது என்று இன்னொரு குளிசை போடுவார். அமெரிக்காவில் நாளுக்கு 100 மில்லிகிராம் உச்சம் என்கிறார்கள். ஐரோப்பாவில் 2023-இல் அதை 12 மில்லிகிராமாகவே குறைத்துவிட்டார்கள். கடையில் கிடைக்கும் சில நரம்புக் குளிசைகளில் ஒன்றிலேயே 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

பி3-ஐ நிக்கொட்டினிக் அமிலமாக கிராம் கணக்கில் எடுத்தால் சீனி ஏறும். அதோடு, கொழுப்பு இழையத்திலிருந்து கொழுப்பு வெளியே வருவதை அது தடுத்துவிடும். தசைக்குக் கொழுப்பு கிடைக்காது, கிளைக்கோஜன் சீக்கிரம் தீரும், நடை பாதியில் களைக்கும். கனடாவில் சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு பி6, பி9, பி12 மூன்றையும் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. குளிசை எடுத்தவர்களின் சிறுநீரகம்தான் வேகமாகக் கெட்டிருந்தது. பக்கத்து வீட்டார் கொடுத்தார் என்று எடுக்காதீர்கள்.

பி கொம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது. பயப்படலாமா?

வேண்டாம். அது மிஞ்சிய பி2-இன் நிறம்.

மாமைட் நல்லதா?

நல்லது, அளவோடு. ஈஸ்ட் சாறு என்பதால் பி விற்றமின்கள் நிறைய. 1931-இல் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகை இந்தச் சாற்றால் தேறுவதை எழுதினார். அந்தச் சத்துத்தான் பிறகு போலேற்று என்று அறியப்பட்டது. உப்பும் நிறைய இருக்கிறது, ஆகவே பிரஷர் உள்ளவர்கள் நுனிக் கரண்டியோடு நிறுத்துங்கள்.

அண்ணர் தினமும் குடிக்கிறார், சாப்பாடும் குறைவு. என்ன கவனிக்க வேண்டும்?

இது அவசரமான கேள்வி அக்கா. மது பி1 உறிஞ்சப்படுவதையும் சேர்வதையும் கெடுக்கும். தடுமாற்றம், கண் அசைவில் கோளாறு, குழப்பம் வந்தால் போதை என்று விட்டுவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே அவர் குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பி1 வற்றிய உடம்புக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்த கொஞ்ச பி1-உம் தீர்ந்து மூளை பாதிக்கப்படும். தெரிந்தால் பி1 ஊசியைப் போட்டுவிட்டு அல்லது சேர்த்தே ஏற்றுவார்கள்.

பனங்கட்டியில் பி விற்றமின் இருக்கிறது, சீனிக்குப் பதிலாக எடுக்கலாமா?

கொஞ்சம் இருக்கிறது. அதற்காகச் சாப்பிடும் அளவுக்கு இல்லை. இரத்தத்துக்கு அதுவும் சீனிதான்.

நடக்கும்போது தலை சுற்றி வேர்த்தால்?

நில்லுங்கள், இருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் தசை இழுக்கும் வேகத்தில் சீனி 70-க்குக் கீழே இறங்கலாம். 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி சீனி, தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணித்தியாலம் கழித்து மறுபடி பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடுதான் வருகிறார்கள். இந்த நேரத்தில் பி விற்றமினால் ஒரு பயனும் இல்லை.

தலைமுடிக்கு பயோட்டின் எடுக்கிறேன். சீனியோடு அதற்குச் சம்பந்தம் உண்டா?

ஈரல் குளுக்கோஸ் செய்யும் படியில் பயோட்டின் வருகிறது என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். முடிக்கு விற்கும் குளிசையில் 5000, 10000 மைக்ரோகிராம் இருக்கும். அது தைரொயிட் பரிசோதனையையும் மாரடைப்பைக் காட்டும் ட்ரொப்போனின் பரிசோதனையையும் பிழையாகக் காட்ட வைக்கலாம். இரத்தம் கொடுக்கப் போகும் போது பயோட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஆய்வுகூடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு நோவோடு அவசரமாகப் போனால் அதை முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள்.